பழைய மக்காச்சோள பிளான்டர்: அடையாளம் காண்பதும் மீட்டெடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இல்லினாய், அயோவா பக்கம் பண்ணை ஏலத்துக்குப் போனால், கொட்டகைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடக்கும் இரட்டை வரிசை பிளான்டர் ஒன்றாவது கண்ணில் படும். பியோரியா, மோலின், பிளூமிங்டன் ஊர்களுக்கு வேலைக்கு வந்த நம்மவர்களில் சிலருக்கும் இந்தப் பழைய இரும்பின்மேல் ஆசை தொற்றியிருக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிளான்டர் என்பது விதை தெளிக்கும் கருவிதானே?

இல்லை. கோதுமையைத் தெளிக்கலாம், வரிசையில் கொட்டிக்கொண்டே போகலாம். மக்காச்சோளத்துக்கு அது சரிப்படாது. செடிக்குச் செடி இடைவெளி வேண்டும், குத்துக்கு (ஒரே இடத்தில் சேர்ந்து விழும் விதைகளைத்தான் குத்து என்கிறோம்) இத்தனை விதை என்ற கணக்கு வேண்டும். அதனால் இந்தக் கருவி விதையை எண்ணிப் போடுகிறது. முன்னால் வளைந்த இரும்புக் கொழு மண்ணைக் கீறும். இதை ரன்னர் என்பார்கள். மேலே இருக்கும் விதைப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு சுழன்று விதையை எண்ணிக் குழாயில் இறக்கும். பின்னால் வரும் குழிந்த சக்கரம் இருபக்க மண்ணையும் அணைத்து அமுக்கும். 1900-இல் செய்ததானாலும் 1960-இல் செய்ததானாலும் அடிப்படை இதுதான்.

இதை முதலில் செய்தது யார்?

ஒருவரைச் சொல்ல முடியாது. மேரிலாந்தைச் சேர்ந்த ஹென்றி பிளேர் என்ற கறுப்பின விவசாயி 1834-இல் மக்காச்சோள விதைப்புக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர்களில் அவர் ஒருவர். ஆனால் இன்று ஏலத்தில் பார்க்கும் இரட்டை வரிசை வடிவத்துக்கு மூதாதை, இல்லினாயின் கேல்ஸ்பர்கில் ஜார்ஜ் டபிள்யூ. பிரவுன் செய்த கருவி. அவருடைய காப்புரிமை 1853-இல் வந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்ய, அவர் வழக்கு மேல் வழக்காகப் போட்டார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1874-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

பிரவுனின் கருவியில் ஒரு பையனும் உட்கார வேண்டும். வயலில் முன்கூட்டியே குறுக்குக் கோடு கீறி வைத்திருப்பார்கள். கோட்டைக் கடக்கும்போதெல்லாம் பையன் கைப்பிடியை இழுப்பான், விதை விழும். அவன் கண்ணயர்ந்தால் அந்த வரிசை போச்சு.

சுருட்டி வைத்த நீளக் கம்பி ஒன்றும் சேர்த்து விற்கிறார்கள். அதில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதே?

முடிந்தால் அதை விடாமல் வாங்குங்கள். மேலே சொன்ன பையனின் வேலையைப் பறித்தது அந்தக் கம்பிதான்.

வயலின் இரு முனையிலும் முளை அடித்துக் கம்பியை நீளவாக்கில் இழுத்துக் கட்டுவார்கள். கம்பி பிளான்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு கவட்டை வழியாக ஓடும். முடிச்சு ஒவ்வொன்றும் கவட்டையைத் தட்டும்போது உள்ளே ஒரு கதவு திறந்து, சேர்ந்திருக்கும் விதைகள் ஒரே குத்தாக விழும். முடிச்சுகளுக்கு நடுவே பெரும்பாலும் 40 அல்லது 42 அங்குலம் இருக்கும். ஒரு முழுக் கம்பியின் நீளம் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். வயலின் கோடியில் திரும்பும்போதெல்லாம் இறங்கி, முளையைப் பிடுங்கி, அடுத்த வரிசைக்கு நேராக அடித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் கட்டாவிட்டால் குத்துகள் கோணிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு? களைக்காகத்தான். குத்துகள் சதுரமாக அமைந்தால் குதிரையைப் பூட்டிக் குறுக்கும் நெடுக்கும் களை எடுக்கலாம். கைக்கொத்து வேலை வெகுவாகக் குறையும். களைக்கொல்லி இல்லாத காலத்தில் அதன் அருமை தெரியும். இல்லினாயின் டிகேட்டரில் ஹாவர்த் என்பவர் செய்த கம்பி அமைப்பு 1870-களில் பரவியது. அதற்கு முன்பே வேறு சிலர் சங்கிலியும் கயிறும் வைத்து முயன்றிருக்கிறார்கள்.

42 அங்குலச் சதுரத்தில் ஏக்கருக்கு 3,556 குத்து. குத்துக்கு 3 விதை என்றால் 10,668 விதை. இன்று அதே மண்ணில் ஏக்கருக்கு 30,000-க்கு மேல் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 2,4-டி களைக்கொல்லி வந்தது. உரமும் கலப்பின விதையும் பரவி, நெருக்கி விதைப்பது லாபம் என்று ஆனது. அப்புறம் கம்பிக்கு வேலை இல்லை. நிறையப் பேர் அதை வேலிக்குக் கட்டிவிட்டார்கள். முழு நீளம் அறுபடாமல் கிடைப்பது அரிது என்பதற்குக் காரணம் அதுதான்.

எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கழற்றிவிட்டால் பாதித் தடயம் போய்விடும். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, வார்ப்பில் இருக்கும் எழுத்துகளைத் தேடுங்கள். விதைப் பெட்டியின் அடிப்பாகம், ரன்னர் பிடிப்பு, சக்கரக் குடம், கால் மிதி, இருக்கை, இங்கெல்லாம் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பாக எண்கள் இருக்கும். ஒரே முன்னெழுத்து பல பாகங்களில் திரும்பத் திரும்ப வந்தால் கருவி ஒரே குடும்பம். ஒரு பாகம் மட்டும் வேறு எழுத்தில் இருந்தால், அது வேறு எங்கிருந்தோ வந்து ஒட்டியது.

அடுத்தது காப்புரிமை. சிலவற்றில் தேதியே வார்த்திருப்பார்கள். எண் மட்டும் இருந்தால் இந்த மூன்றை நினைவில் வையுங்கள்: அமெரிக்கக் காப்புரிமை எண் 10 லட்சத்தை 1911-இல் தொட்டது, 20 லட்சத்தை 1935-இல், 30 லட்சத்தை 1961-இல். ஆனால் காப்புரிமைத் தேதி, கருவி செய்த தேதி ஆகாது. 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்பதை மட்டும்தான் அது சொல்லும். அச்சை மாற்றச் செலவாகும் என்று பழைய தேதியோடேயே வருடக்கணக்கில் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர்களும் காலம் சொல்லும். 'டியர் அண்டு மேன்சர்' என்று இருந்தால் 1877-க்குப் பிந்தியது. சார்லஸ் டியரும் அல்வா மேன்சரும் மோலினில் பிளான்டருக்கென்றே அந்த வருடம் தொடங்கிய கம்பெனி அது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பெயர் 1902-க்கு முன் இருக்க முடியாது. 'மெக்கார்மிக்-டீரிங்' என்று சேர்த்து எழுதியிருந்தால் பெரும்பாலும் 1920-களிலிருந்து 1940-கள் வரை. 'பிளாக் ஹாக்' மோலினில் செக்லர் கம்பெனி செய்தது, பின்னால் ஒஹாயோ கல்டிவேட்டர் கம்பெனியிடம் போனது. 'ஹேய்ஸ்' என்றால் இல்லினாயின் கால்வா ஊர்.

எழுத்தே இல்லையா? கிரீஸ் போடும் இடங்களைப் பாருங்கள். வெறும் எண்ணெய்த் துளை மட்டும் இருந்தால் பழசு. உருண்டை மூக்கு வைத்த ஜெர்க் முனை என்றால் 1920-களின் கடைசிக்குப் பிறகு வந்தது, அல்லது பிறகு யாரோ மாட்டியது. டயர் ரப்பர் என்றால் 1930-களுக்குப் பிறகு. ஹைட்ராலிக் சிலிண்டரால் தூக்கும் அமைப்பு போருக்குப் பிந்தியது.

விதைப் பெட்டி மூடியில் கம்பெனிப் பெயர் அழகாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது. மூடி ஒரு நொடியில் மாற்றக்கூடிய பாகம். பெயர் வார்த்த இரும்பு மூடிகளைத் தனியாகச் சேகரிப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காகப் புதிதாக வார்த்து விற்பவர்களும் உண்டு. புதுசு பெரும்பாலும் தொட்டால் சொரசொரவென்று இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், கீல் துளையில் தேய்மானம் இருக்காது. மூடிக்காகவும் தோட்ட அலங்காரச் சக்கரத்துக்காகவும் முழுக் கருவியைப் பிரித்துப் போடும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

ஏர்க்கால் குட்டையாக இருக்கிறது. அப்படியானால் டிராக்டர் பிளான்டரா?

அவசரப்பட வேண்டாம். 1930-களிலும் 40-களிலும் குதிரையை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கியவர்கள், குதிரை பிளான்டரின் மர ஏர்க்காலை அறுத்து முனையில் இரும்புப் பட்டை போட்டு இழுத்தார்கள். இருக்கையும் கால் நெம்புகோலும் அப்படியே இருந்தால் அது குதிரைக்கு என்று பிறந்ததுதான். டிராக்டருக்கென்றே செய்ததில், டிராக்டர் ஓட்டுபவர் கயிற்றை இழுத்துக் கொழுவைத் தூக்கும் அமைப்பு இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: அறுத்த ஏர்க்காலை மறுபடி நீளமாக்க வேண்டுமா? நான் அறுத்ததை அப்படியே விடுவேன். அந்த வெட்டும் அந்தப் பண்ணையின் கதைதான்.

விதைத் தட்டு, விதைத் தட்டு என்கிறார்களே, அதில் என்ன அவ்வளவு விசேஷம்?

பிளான்டரின் உயிரே அங்கேதான். மற்றதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போகும் இரும்பு.

தட்டின் ஓரத்தில் பற்களோ குழிகளோ இருக்கும். பழைய முறையில் ஒரு பெரிய குழி, ஒரு குத்துக்குத் தேவையான விதைகளை மொத்தமாக அள்ளும். விதை சின்னதாக இருந்தால் 5 விழும், பெரிதானால் 2. இதில் வந்த சலிப்பில்தான் ஒவ்வொன்றாக எண்ணும் முறை பிறந்தது. ஒரு குழியில் ஒரு விதை, மூன்று சேர்ந்ததும் குத்து. அதில் இரண்டு கட்சி. விதையைப் படுக்க வைக்கும் தட்டு ஒன்று, விளிம்பில் செங்குத்தாக நிறுத்தும் தட்டு இன்னொன்று. மக்காச்சோள மணியின் தடிமன் அதிகம் மாறுபடாது, அகலம்தான் மாறும், ஆகவே நிறுத்தி எண்ணுவதே துல்லியம் என்பது இரண்டாவது கட்சியின் வாதம். 1910-களில் வந்த ஜான் டியர் 999 இந்தப் போட்டியில் பெரிய பெயர் வாங்கியது. தட்டை மாற்றாமலே ஒரு நெம்புகோலை நகர்த்திக் குத்துக்கு 2, 3, 4 என்று மாற்றிக்கொள்ளலாம். மேட்டு நிலத்தில் 2, நல்ல மண்ணில் 4 என்று ஓட்டிக்கொண்டே மாற்றினார்கள்.

உங்கள் கருவியோடு வரும் தட்டுகளை ஒன்றுகூட எறியாதீர்கள். அடியில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். தட்டுக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும், அதையும் தட்டோடு சேர்த்தே கட்டி வையுங்கள். மேல்கீழ் மாறினால் விதை அரைபடும்.

வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், தட்டு சுற்றுகிறதா என்று. சுற்றாவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் துருவும் எலி வளையும்தான். விதைப் பெட்டியின் அடி வார்ப்பு வெடித்திருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தேங்கிக் குளிரில் உறைந்தால் வெடிக்கும். ரன்னர் தேய்ந்து கத்தியாகியிருந்தால் இரும்புப் பட்டை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கம்பி தட்டும் கவட்டையும் அதன் தண்டும் இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவை தனியாகக் கிடைப்பது கஷ்டம். பெயின்ட் இல்லை என்பதற்காகக் குறைத்துக் கேட்காதீர்கள், அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

பெட்டியில் பழைய பொடி ஒட்டியிருக்கிறது. துடைத்துவிடலாமா?

வெறுங்கையால் வேண்டாம். இந்த விஷயத்தில் கொஞ்சம் பயந்தே இருங்கள். 1970-களுக்கு முன் விதை நேர்த்திக்குப் பாதரசம் கலந்த மருந்துகளைப் பயன்படுத்தினார்கள். 1950-கள், 60-களின் பிளான்டரில் விதைப் பெட்டிக்கும் உரப் பெட்டிக்கும் பக்கத்தில் சின்னதாக மூன்றாவது பெட்டி இருந்தால் அது பூச்சிமருந்துக் குருணைக்கு. அதில் ஆல்ட்ரினோ ஹெப்டாக்ளோரோ இருந்திருக்கலாம். இவை பின்னாளில் தடை செய்யப்பட்டவை, எளிதில் சிதையாதவை. பழைய பெயின்டில் ஈயம் உண்டு. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகக் கவசமும் கையுறையும் போடுங்கள், சுரண்டியதைப் பையில் கட்டி அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இறுகிப்போன போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

பொறுமையாக. துரு இளக்கும் எண்ணெயை இன்று ஊற்றி, நாளை தட்டி, மறுநாள் மறுபடி ஊற்றுங்கள். நட்டைச் சூடாக்கி ஆறவிட்டு, அந்த வெதுவெதுப்பில் எண்ணெய் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பின்மேல் நேரடியாகச் சுத்தியல் படக் கூடாது, பித்தளைக் கட்டையோ மரமோ நடுவில் வையுங்கள். போல்ட் அறுந்தால் அறுந்து போகட்டும், வார்ப்பு உடையக் கூடாது. அந்தக் கால நட்டுகள் சதுரத் தலை. கடையில் கிடைக்கும் அறுகோண நட்டைப் போட்டால் தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும். சதுர நட்டு இன்றும் விற்கிறார்கள்.

செயின் கொக்கி கொக்கியாகக் கோத்த வகையாக இருந்தால் அது 1870-களில் யூவர்ட் என்பவர் கண்டுபிடித்த மாதிரி. கணுவின்மேல் 32, 45, 55 என்று அளவு எண் வார்த்திருக்கும், அதைச் சொல்லி வாங்கலாம். ஒரு கணு உடைந்தால் அதை மட்டும் பக்கவாட்டில் தட்டி எடுத்து மாற்றிவிடலாம். மாட்டும்போது கொக்கியின் திறந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

மின்சாரம் வைத்துத் துரு எடுக்கலாம் என்கிறார்களே?

தட்டு, மூடி போன்ற சின்னப் பாகங்களுக்கு அருமையான வழி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும் நேர்முனையை ஒரு வீண் இரும்புத் துண்டிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் கரைவது உங்கள் பாகம். வீண் இரும்புக்குப் பதில் எவர்சில்வர் போடவே கூடாது, குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். துத்தநாகம் பூசியதையும் போடாதீர்கள். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும். எடுத்தவுடன் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். இல்லாவிட்டால் கண்முன்னே செம்மை படரும்.

உடைந்த வார்ப்பை வெல்டிங் செய்யலாமா?

முதலில் அது என்ன இரும்பு என்று பாருங்கள். சாதாரண வார்ப்பிரும்பானால், முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். ஆனால் பிளான்டரின் கைப்பிடிகளும் கவட்டைகளும் பெரும்பாலும் அடித்தால் வளையக்கூடிய பதப்படுத்திய வார்ப்பு. அதை உருக்கினால் பற்றவைத்த இடம் கண்ணாடிபோல நொறுங்கும். அதற்குப் பித்தளைப் பற்றுதான் சரி. பற்றவைத்தது தெரியுமே என்று கவலைப்படாதீர்கள். அந்தக் காலக் கொல்லரும் பித்தளையால்தான் ஒட்டினார், அந்த மஞ்சள் கோடு பழைய கருவிகளில் சகஜம்.

மரம் இற்றுப்போயிருந்தால்?

ஆஷ் அல்லது ஓக் மரத்தில் புதிதாகச் செய்யுங்கள். பழசின் துளைகளை அப்படியே அளந்து எடுத்த பிறகே அதைத் தள்ளுங்கள். லின்சீட் எண்ணெய் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்.

பெயின்ட் அடிக்கலாமா, வேண்டாமா?

பழைய பெயின்டும் எழுத்தும் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் வேண்டாம் என்பது என் பக்கம். கழுவி எண்ணெய் பூசினாலே போதும். முழுக்கத் துருவாக இருந்தால் அடியுங்கள், ஆனால் கடைக்காரர் தரும் டிராக்டர் பச்சையை வாங்கி அடிக்காதீர்கள். சக்கரக் குடத்தின் உள்பக்கம், மூடியின் அடி, இரண்டு வார்ப்புகள் சேரும் இடுக்கு, இங்கே பழைய நிறத்தின் துளி ஒளிந்திருக்கும். அதைப் பார்த்து நிறம் கலக்குங்கள்.

உண்மையாகவே இதில் விதைக்க முடியுமா?

தாராளமாக. குதிரை வைத்து விவசாயம் செய்யும் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினரின் பண்ணைகளில் பழைய பிளான்டர்கள் இன்றும் ஓடுகின்றன. சின்ன அளவில் இனிப்புச் சோளம் போடுபவர்களும் தட்டு வைத்த பழைய மாதிரிகளை விடுவதில்லை.

சிக்கல் விதையில்தான். முன்பெல்லாம் விதை மூட்டைமேல் தட்டை, உருண்டை, பெரிது, நடுத்தரம் என்று தரமும், எந்தத் தட்டு போட வேண்டும் என்ற எண்ணும் இருக்கும். தட்டில்லாத இயந்திரங்களும் காற்றால் இழுக்கும் இயந்திரங்களும் வந்த பிறகு அப்படித் தரம் பிரிப்பது குறைந்துவிட்டது. வட்டத்துளைச் சல்லடையும் நீள்துளைச் சல்லடையும் வைத்து நீங்களே பிரித்துக்கொள்ளலாம். ஒரு மணி குழியில் தளர்வாக உட்கார வேண்டும், இரண்டாவது மணி நுழையக் கூடாது. தட்டு உராயாமல் இருக்க விதையோடு கொஞ்சம் கிராஃபைட் பொடி சேருங்கள்.

அப்புறம் கணக்கு. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, குழாய்க்கு அடியில் துணி விரித்து, 10 சுற்று சுற்றுங்கள். சக்கரத்தின் சுற்றளவை 10-ஆல் பெருக்கினால் ஓடிய தூரம். விழுந்த விதையை எண்ணினால் இடைவெளி தெரியும். 40 அங்குல வரிசையில் ஏக்கருக்கு 13,068 அடி வரிசை, ஆக அடிக்கு ஒரு விதை என்றால் 13,068 செடி. விதை இரண்டிரண்டாக விழுந்தால், உபரி மணியைத் தள்ளிவிடும் வில் தளர்ந்துவிட்டது. விட்டு விட்டு விழுந்தால், குழியிலிருந்து மணியைத் தட்டி இறக்கும் சின்ன விரல் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வில்லையும் விரலையும் முதலிலேயே மாற்றிவிட்டால் பாதித் தலைவலி இல்லை. செலவழிக்க ஆயிரம் டாலர் இருந்தால் முதல் நூறு இங்கே போகட்டும்.

இரண்டு கைப்பிடி வைத்த மரக் கருவி ஒன்றையும் பிளான்டர் என்றே விற்கிறார்கள். அது என்ன?

கையால் குத்தும் பிளான்டர். முனையை மண்ணில் குத்தி, கைப்பிடிகளை அசைத்தால் அலகு திறந்து விதை உள்ளே விழும். பெரிய இயந்திரம் விட்டுப்போன குத்துகளை நிரப்பவும் வீட்டுத் தோட்டத்துக்கும் வைத்திருந்தார்கள். மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் பொட்டேட்டோ இம்ப்ளிமென்ட் கம்பெனி செய்த 'ஆக்மி' அடிக்கடி கிடைக்கும். மரத்தின்மேல் அச்சடித்த எழுத்துதான் அதன் அடையாளம், ஆகவே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அலகின் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தப் பருவத்திலேயே ஓடும்.